வல்லவர் ஒருவரா, பதினொருவர் உழைப்பா?
அர்ஜென்டினா கால்பந்து அணியின் கணக்கிலிருந்து ஒரு வணிகப் பாடம்



நம் கடைகளில் பெரும்பாலும் ஒரு கெட்டிக்காரர் இருப்பார். எந்த மண்டியில் மிளகாய் வற்றல் நயம், எந்த மில் துவரம் பருப்பு சீக்கிரம் வேகும், எந்த வாடிக்கையாளர் முதல் தேதிக்கு மேல்தான் பணம் தருவார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கூட்ட நேரத்தில் நான்கு பேருக்கு ஒரே சமயத்தில் பதில் சொல்வார். அவர் நிற்கும் நாளில் கடை ஓடுகிறது. அவர் ஊருக்குப் போன நாளில் கடை நொண்டுகிறது. சில கடைகளில் அந்தக் கெட்டிக்காரர் வேலையாள். பல கடைகளில் அவர் முதலாளியேதான்.

இப்படிப்பட்ட ஒருவர் கிடைத்தது கடைக்கு பலமா, பலவீனமா? இந்தக் கேள்வியை இம்மாதம் ஒரு கால்பந்து அணியை வைத்து ஆராய்வோம். கால்பந்தை ஏன் எடுத்துக் கொண்டோம் என்றால், ஒரு நாட்டு அணியின் வரவு செலவு ஊரறிந்த கணக்கு. யார் ஆடினார், யார் ஆடவில்லை, எத்தனை கோல், எத்தனை புள்ளி என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். நம் கடைக் கணக்கில் அந்த வசதி கிடையாது.

எடுத்துக் கொள்ளும் அணி அர்ஜென்டினா. டீகோ மாரடோனா, லியோனல் மெஸ்ஸி என்று உலகமே வியந்த இரண்டு ஆட்டக்காரர்களைப் பெற்ற நாடு அது. அவர்களை வைத்துக்கொண்டு வென்றும் இருக்கிறது, தோற்றும் இருக்கிறது. எப்போது வென்றது, எப்போது தோற்றது என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது.

1986: ஒருவர் வாங்கிக் கொடுத்த கோப்பையா?

1986-ல் மெக்சிகோவில் நடந்த உலகக் கோப்பையை மாரடோனா தனி ஆளாக வென்றார் என்று சொல்வது வழக்கம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அந்தப் போட்டியில் அர்ஜென்டினா அடித்த 14 கோல்களில் 5 அவர் அடித்தவை. மேலும் 5 கோல்களுக்குப் பந்தைக் கொடுத்தவரும் அவரே. இங்கிலாந்துக்கு எதிரான கால் இறுதியில் தம் பக்கத்து மைதானத்திலிருந்து பந்தை ஓட்டிச் சென்று, எதிர்த்து வந்தவர்களை ஒவ்வொருவராகக் கடந்து, கோல் காப்பாளரையும் ஏமாற்றி அடித்த கோலை இன்றும் மக்கள் பார்த்து வியக்கிறார்கள்.

ஆனால் 1986 ஜூன் 29 அன்று மேற்கு ஜெர்மனியுடன் நடந்த இறுதி ஆட்டத்தைப் பாருங்கள். லோத்தர் மத்தேயஸ் என்ற சிறந்த ஆட்டக்காரரை மாரடோனாவுக்குக் காவலாகவே நிறுத்தியது ஜெர்மனி. அன்று மாரடோனா ஒரு கோலும் அடிக்கவில்லை. ஆனாலும் அர்ஜென்டினா 3-2 என்ற கணக்கில் வென்றது. முதல் கோலை அடித்தவர் ஹோசே லூயிஸ் பிரவுன் என்ற தடுப்பாட்டக்காரர். பசரெல்லா என்ற பெயர் பெற்ற ஆட்டக்காரர் உடல்நலம் குன்றியதால் அந்த இடத்துக்கு வந்தவர் இவர். நாட்டு அணிக்காக அவர் அடித்த ஒரே கோல் அதுதான். ஆட்டத்தின் நடுவே தோள்பட்டை விலகியும் அவர் வெளியேறவில்லை. சட்டையைப் பல்லால் கடித்துத் துளை போட்டு, அதில் கட்டைவிரலை மாட்டிக் கையைத் தாங்கிக் கொண்டு கடைசி வரை ஆடினார். இரண்டாவது கோல் வால்டானோ அடித்தது. ஜெர்மனி இரண்டையும் ஈடு செய்தபின் வெற்றிக் கோலை அடித்தவர் புருச்சாகா. அதற்குப் பந்தைத் தட்டிக் கொடுத்தவர் மாரடோனா.

எதிரி தம் பலத்தின் பெரும்பகுதியை ஒருவரைத் தடுப்பதில் செலவிட்டபோது, மற்றவர்கள் அந்த வாய்ப்பைப் பயன்படுத்திக் கொண்டார்கள். பயிற்சியாளர் கார்லோஸ் பிலார்டோ அணியை அமைத்திருந்த விதம் அப்படி. வல்லவரின் மதிப்பு அவர் அடிக்கும் கோலில் மட்டும் இல்லை. அவர் நிற்பதால் பக்கத்தில் இருப்பவருக்குக் கிடைக்கும் இடத்திலும் இருக்கிறது. அந்த இடத்தைப் பயன்படுத்தத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

ஒரே பக்கம் சாய்ந்த பேரேடு

அடுத்து மெஸ்ஸியின் காலம். 2011 செப்டம்பரில் நம் நாட்டின் கொல்கத்தா நகரில், சால்ட் லேக் மைதானத்தில் வெனிசுவேலாவுடன் நடந்த ஆட்டத்தில்தான் அவர் அர்ஜென்டினாவின் நிரந்தரக் கேப்டனாகப் பொறுப்பேற்று முதன்முதலாக ஆடினார். 1-0 என்று வென்றார்கள். அந்த ஒரு கோலை அடித்தவர் ஓட்டமெண்டி என்ற தடுப்பாட்டக்காரர்.

2014-ல் பிரேசிலில் நடந்த உலகக் கோப்பையில் அர்ஜென்டினா இறுதி ஆட்டம் வரை வந்தது. அந்தப் போட்டியில் அது பெற்ற 8 கோல்களில் 4 மெஸ்ஸியுடையவை. நான்கும் முதல் சுற்றிலேயே வந்தவை. அதற்குப் பின் எதிரணிகள் அவரைச் சூழ்ந்து நின்றன. அவருக்கு அடுத்தபடியாக எதிரியை அச்சுறுத்தக் கூடியவராக இருந்த ஏங்கல் டி மரியா கால் இறுதியில் காயமடைந்து, இறுதி ஆட்டத்தில் இறங்க முடியவில்லை. ஜெர்மனி கூடுதல் நேரத்தில் 1-0 என்று வென்றது. போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் என்ற தங்கப் பந்து மெஸ்ஸிக்குக் கிடைத்தது. கோப்பை ஜெர்மனிக்குப் போயிற்று. 2015, 2016 ஆகிய ஆண்டுகளிலும் தென் அமெரிக்கக் கோப்பையின் இறுதி ஆட்டங்களில் சிலி நாட்டிடம் பெனால்டியில் தோற்றார்கள்.

நாம் கூர்ந்து பார்க்க வேண்டிய கணக்கு 2018 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்று. வென்றால் 3 புள்ளி, சமன் ஆனால் 1 புள்ளி. மொத்தம் 18 ஆட்டங்கள். மெஸ்ஸி ஆடிய 10 ஆட்டங்களில் 30 புள்ளிக்கு 21 வந்தது. அவர் ஆடாத 8 ஆட்டங்களில் 24 புள்ளிக்கு 7 மட்டுமே வந்தது. முதல் கணக்கு நூற்றுக்கு 70. இரண்டாவது கணக்கு நூற்றுக்கு 29. அதே நாடு, அதே சட்டை, அதே சம்பளப் பட்டியல். ஒருவர் இல்லையென்றால் வரவு பாதிக்கும் கீழே விழுகிறது.

கடைசி ஆட்டம் 2017 அக்டோபர் 10 அன்று, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,850 மீட்டர் உயரத்தில் உள்ள கீட்டோ நகரில், ஈக்வடாரை எதிர்த்து. அன்று காலையில் அர்ஜென்டினா ஆறாவது இடத்தில் இருந்தது. அந்த இடத்தில் இருந்தால் உலகக் கோப்பை இல்லை. முதல் நிமிடத்திலேயே ஈக்வடார் ஒரு கோல் போட்டது. பிறகு மெஸ்ஸி ஒருவரே மூன்று கோல் அடித்து 3-1 என்று ஆட்டத்தை மீட்டார். நாடே கொண்டாடியது.

கூரை ஒழுகும் இடத்தில் ஒரு பாத்திரத்தை வைத்தால் தரை நனையாது. ஆனால் கூரை அடைபடாது. கீட்டோவில் நடந்தது அதுதான். வெற்றியின் மகிழ்ச்சியில் ஓட்டை மறைந்து போயிற்று. மறு ஆண்டு ரஷ்யாவில் மழை பலமாகப் பெய்தது. ஐஸ்லாந்துடன் 1-1, அன்று மெஸ்ஸியின் பெனால்டி தடுக்கப்பட்டது. குரோஷியாவிடம் 0-3. பதினாறு அணிகள் மோதிய சுற்றில் பிரான்சிடம் 3-4 என்று தோற்று வெளியேறினார்கள்.

வல்லவர் விடுப்பில் இருந்த ஆறு ஆட்டங்கள்

திருப்பம் அதன் பிறகுதான் வந்தது. பயிற்சியாளர் குழுவில் இருந்த லியோனல் ஸ்கலோனியிடம் அணி தற்காலிகமாக ஒப்படைக்கப்பட்டது. அப்போது அவருக்கு 40 வயது. எந்தப் பெரிய அணிக்கும் அவர் அதற்கு முன் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. 2018-ன் மீதி மாதங்களில் மெஸ்ஸி நாட்டு அணிக்கு ஆட வரவில்லை. ஆறு நட்பு ஆட்டங்கள் அவர் இல்லாமலே நடந்தன.

வல்லவர் வரும் வரை எப்படியோ ஒப்பேற்றுவோம் என்று ஸ்கலோனி இருந்துவிடவில்லை. இளைஞர்களைக் களத்தில் இறக்கிப் பார்த்தார். பின்னாளில் அணியின் முதுகெலும்பாக ஆன ரோட்ரிகோ டி பால் நாட்டு அணிக்கு முதன்முதலாக ஆடியது அந்த மாதங்களில்தான். அந்த ஆறில் நான்கு வெற்றி, ஒன்று சமன், பிரேசிலிடம் ஒரு தோல்வி. நட்பு ஆட்டம்தானே என்று பலர் அதைக் கவனிக்கவில்லை. ஆனால் யாரால் எந்தச் சுமையைத் தாங்க முடியும் என்பது பயிற்சியாளருக்குத் தெரிந்து விட்டது.

2019 மார்ச்சில் மெஸ்ஸி திரும்பி வந்தார். அவர் வந்து நின்ற இடம் முன்பு விட்டுப்போன இடம் அல்ல. பந்து எதிரியிடம் இருக்கும் நேரத்தில் மெஸ்ஸி பெரும்பாலும் நடந்துகொண்டே களத்தைக் கவனிப்பார். பழைய அணியில் அது ஒரு குறையாகப் பேசப்பட்டது. புதிய அணியில் அவருக்காக ஓடவும், எதிரியிடமிருந்து பந்தைப் பிடுங்கவும், பிடுங்கியதை அவர் காலில் சேர்க்கவும் ஆட்கள் இருந்தார்கள். எல்லாரும் ஒரே வேலையைச் சமமாகச் செய்வது கூட்டு உழைப்பு ஆகாது. ஒருவரால் மட்டுமே முடிகிற வேலையை அவர் செய்வதற்கு, மற்ற வேலைகளை மற்றவர்கள் மனமுவந்து ஏற்பதே கூட்டு உழைப்பு.

2021 ஜூலையில் ரியோ நகரின் மரக்கானா மைதானத்தில் பிரேசிலை அதன் மண்ணிலேயே 1-0 என்று வென்று தென் அமெரிக்கக் கோப்பையைப் பெற்றார்கள். 1993-க்குப் பிறகு 28 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த பெரிய கோப்பை அது. டி பால் தூக்கிக் கொடுத்த பந்தை கோலாக்கியவர் டி மரியா.

2022: தோற்ற மறுநாள் செய்த காரியம்

36 ஆட்டங்களில் தோல்வி காணாமல் கத்தாருக்கு வந்த அர்ஜென்டினா, 2022 நவம்பர் 22 அன்று முதல் ஆட்டத்திலேயே சவூதி அரேபியாவிடம் 1-2 என்று தோற்றது. அன்று அடித்த ஒரு கோலும் மெஸ்ஸியின் பெனால்டிதான். பழைய வழக்கப்படி பார்த்தால், "இனி மெஸ்ஸிதான் காப்பாற்ற வேண்டும்" என்று பாரத்தை அவர் தலையில் வைத்திருப்பார்கள். ஸ்கலோனி அவரைச் சுற்றி இருந்தவர்களை மாற்றினார். மெக்சிகோவுடன் நடந்த அடுத்த ஆட்டத்துக்கு ஐந்து பேர் புதிதாக வந்தார்கள். அவர்களில் ஒருவர் அலெக்சிஸ் மாக் அல்லிஸ்டர். அதற்கடுத்த ஆட்டத்தில் தொடக்கம் முதலே என்சோ பெர்னாண்டஸும் ஹூலியன் ஆல்வரெஸும் இடம் பெற்றார்கள். இந்த மூன்று இளைஞர்களும் முதல் ஆட்டத்தின் தொடக்கத்தில் மாற்றாட்களின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் என்பது கவனிக்கத்தக்கது.

மெக்சிகோவை வீழ்த்திய முதல் கோல் மெஸ்ஸி அடித்தது. வல்லவர் தம் வேலையைச் செய்தார். போலந்துடன் நடந்த ஆட்டத்தில் மெஸ்ஸியின் பெனால்டி தடுக்கப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஐஸ்லாந்துடன் நடந்ததும் இதுவே. ஆனால் இம்முறை மாக் அல்லிஸ்டரும் ஆல்வரெஸும் ஆளுக்கொரு கோல் அடிக்க, 2-0 என்று வென்றார்கள். ஒருவர் தவறினாலும் கல்லாவில் பணம் விழுந்தது.

டிசம்பர் 18 அன்று பிரான்சுடன் இறுதி ஆட்டம். பிரான்சின் எம்பாப்பே தனியே மூன்று கோல் அடித்தார். ஆண்கள் உலகக் கோப்பை இறுதியில் அதற்கு முன் 1966-ல் இங்கிலாந்தின் ஜெஃப் ஹர்ஸ்ட் ஒருவரே அதைச் செய்திருந்தார். ஆட்டம் 3-3 என்று நின்றது. கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் கோல் காப்பாளர் எமிலியானோ மார்டினெஸ் காலை நீட்டித் தடுத்த ஒரு பந்துதான் அர்ஜென்டினாவைக் காத்தது. பெனால்டியிலும் அவர் ஒன்றைத் தடுத்தார். கடைசிப் பெனால்டியை அடித்து முடித்தவர் மாற்றாளாக உள்ளே வந்த மொன்டியேல். 4-2 என்று கோப்பை கைக்கு வந்தது.

இப்போது கணக்கை எழுதிப் பார்ப்போம். கத்தாரில் அர்ஜென்டினா அடித்த கோல்கள் 15. மெஸ்ஸி 7, ஆல்வரெஸ் 4, மற்ற நால்வர் ஆளுக்கு ஒன்று. வல்லவரின் பங்கு குறைந்து விட்டதா? இல்லை, பாதியை ஒட்டி அப்படியே இருக்கிறது. ஆனால் அவருக்குப் பக்கத்தில் வேறு ஐந்து பெயர்களுக்கு எதிரிலும் வரவு எழுதப்பட்டிருக்கிறது. "தனிமரம் தோப்பாகாது" என்பதை நாம் அடிக்கடி சொல்கிறோம். தோப்பு வைப்பதற்காக நன்றாகக் காய்க்கும் மரத்தை யாரும் வெட்டுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அவர் இல்லாத நாள்

ஓர் அணியின் உண்மையான சோதனை வல்லவர் இல்லாத நாளில்தான் நடக்கிறது. பிரேசிலின் அனுபவம் இதற்குச் சான்று. 2014-ல் அதன் நட்சத்திரம் நெய்மார் கால் இறுதியில் முதுகெலும்பில் காயப்பட்டார். கேப்டன் தியாகோ சில்வாவும் மஞ்சள் அட்டைகளால் அரையிறுதியில் ஆட முடியாமல் போயிற்று. ஜூலை 8 அன்று ஜெர்மனிக்கு எதிராகக் களமிறங்கியபோது, பிரேசில் வீரர்கள் நெய்மாரின் சட்டையைக் கையில் ஏந்தி நாட்டுப் பண் பாடினார்கள். பாசம் நிறைய இருந்தது. அவர் இடத்தை யார் பார்ப்பது என்ற ஏற்பாடு இல்லை. 29 நிமிடத்துக்குள் ஐந்து கோல் விழுந்தது. முடிவு 1-7.

பத்து ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலை 14 அன்று, அமெரிக்காவில் மயாமி அருகே தென் அமெரிக்கக் கோப்பையின் இறுதி ஆட்டம். அர்ஜென்டினாவை எதிர்த்து கொலம்பியா. 66-வது நிமிடத்தில் மெஸ்ஸி காயத்தால் வெளியேறினார். பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். அப்போது கணக்கு 0-0. மற்றவர்கள் கலங்கவில்லை. கூடுதல் நேரத்தில் மாற்றாட்களாக வந்த மூவரில் ஒருவர் பந்தைப் பிடுங்க, ஒருவர் முன்னே தள்ள, மூன்றாமவரான லௌடாரோ மார்டினெஸ் 112-வது நிமிடத்தில் கோலாக்கினார். 1-0.

2025 மார்ச்சில், 2026 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில், காயம் காரணமாக மெஸ்ஸி இரண்டு ஆட்டங்களுக்கு வரவில்லை. உருகுவேயை அதன் ஊரிலேயே 1-0 என்றும், பிரேசிலை புவனஸ் அயர்ஸில் 4-1 என்றும் வென்றார்கள். அந்த நான்கு கோல்களை அடித்தவர்கள் நான்கு வெவ்வேறு பேர். மெஸ்ஸி இல்லாமல் 24 புள்ளிக்கு 7 எடுத்த பழைய பேரேட்டையும் இதையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

நம் கடைக்கு வருவோம்

அர்ஜென்டினா வல்லவரை நீக்கிக் குழுவை அமைக்கவில்லை. வல்லவர் இருக்கும்போதே குழுவை அமைத்தது. நாம் செய்ய வேண்டியதும் அதுதான். கெட்டிக்காரரைக் கண்டு பொறாமைப்பட வேண்டாம். அவருக்குரிய சம்பளத்தைக் குறைக்கவும் வேண்டாம். மூட்டை இறக்குவதிலும் பொட்டலம் மடிப்பதிலும் அவர் நேரத்தைக் கரைக்காமல், கொள்முதலிலும் வாடிக்கையாளர் முகத்தின் எதிரிலும் அவரை நிறுத்துங்கள். அதே சமயம், எடை போடுபவரும் சரக்கு எடுத்துத் தருபவரும் அவர் பக்கத்திலேயே நின்று தொழிலைக் கற்கட்டும். நல்ல விற்பனை நடந்த நாளில் பாராட்டு ஒருவர் பெயருக்கு மட்டும் போகாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

கீழ்க்கண்ட கேள்விகளுக்கு ஒவ்வொருவரும் ஒரு தாளில் விடை எழுதிப் பார்க்கலாம்.

1. கடையில் முதன்மையானவர் பத்து நாள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தால், கடையைத் திறந்து நடத்தப் போகிறவர் யார்?

2. எந்தச் சரக்கை எந்த மண்டியில், என்ன தரத்தில், என்ன விலைக்குள் வாங்குவது என்பது எழுத்தில் இருக்கிறதா, ஒருவர் நினைவில் மட்டும் இருக்கிறதா?

3. யாரிடம் எவ்வளவு வர வேண்டும், யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பது கடன் நோட்டில் முழுவதும் ஏறியிருக்கிறதா? முதலாளியின் மனக்கணக்கு அவரோடு முடிந்து போனால், குடும்பம் கொடுக்க வேண்டியவர்கள் தேடி வருவார்கள். தர வேண்டியவர்கள் வர மாட்டார்கள்.

4. சென்ற ஆண்டில் நெருக்கடிகளை ஒரே ஆள் எத்தனை முறை சமாளித்தார்? ஒவ்வொரு முறையும் அந்த நெருக்கடி ஏன் வந்தது என்று பார்த்தோமா?

5. இரண்டாம் இடத்தில் இருப்பவர் கடைசியாக எப்போது தனியாகக் கல்லாவில் உட்கார்ந்தார்?

நான்காவது கேள்விக்கு நாம் தனி அழுத்தம் தருகிறோம். கீட்டோவில் கிடைத்த மூன்று கோல் போல, நெருக்கடியைச் சமாளித்த பெருமையே குறையை மறைத்துவிடும்.

ஸ்கலோனிக்குக் கிடைத்த அந்த ஆறு ஆட்டங்களை நாம் தாமாகவே ஏற்படுத்திக் கொள்ளலாம். ஆடி மாதத்தில் கல்யாண ஆர்டர்கள் இருப்பதில்லை. வியாபாரம் சற்று மந்தம். கெட்டிக்காரர் வேலையாளாக இருந்தால், சம்பளத்தோடு அவருக்கு நான்கு நாள் விடுப்பு கொடுத்து அனுப்புங்கள். கெட்டிக்காரர் நாமேயானால், நாமே நான்கு நாள் வீட்டில் இருப்போம்; தொலைபேசியில் கூட வழி சொல்ல வேண்டாம். அந்த நாட்களில் எங்கே தடுமாற்றம் வருகிறதோ அதை ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். தீபாவளிச் சரக்கு வந்து இறங்குவதற்குள் அவற்றைச் சரிசெய்ய இரண்டு மாதம் கையில் இருக்கும்.